கயிற்றின் மறுமுனை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தோருக்கு மலை என்பது பெரும்பாலும் ஒரு சொல்லே. கீரிமலை என்று எமக்கு ஓர் ஊர் உண்டு. அங்கே செல்பவர் கேணியையும் கடலையும் நகுலேஸ்வரப் பெருமான் கோயிலையும் காண்பாரேயன்றி மலையைக் காணார். சுண்ணக்கற் பாறையின்மேல் மண் போர்த்த சமதரை எமது நாடு. எமது ஊர்களில் நிமிர்ந்து பார்க்கவேண்டியவை கோபுரமும் பனையுமே. இலங்கையின் அதியுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகால 2,524 மீற்றர் உயரமுடையது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இவற்றையும் எம்மவருட் பலர் பாடப்புத்தகத்திலோ, வாழ்வில் ஒருமுறை சென்ற சுற்றுலாவிலோ அறிந்ததோடு சரி.

ஆயினும் வழிகாட்டி என்னும் பொருள் எமக்குப் புதியதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், உகந்தையைக் கடந்து காட்டுவழியிற் புகும்போது, அவ்வழியே முன்னர் சென்று மீண்ட ஒருவரின் சொற்படியே நடக்கும். நீர் எங்கே கிடைக்கும், இரவில் எங்கே தங்கலாம், யானை நடமாடும் வேளை யாது என்பவற்றை அறிந்தவர் அவர். பழந்தமிழரோ இதனை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கி, ஆற்றுப்படை எனப் பெயரிட்டனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது, பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு மலைவழியைச் சொல்லும் பாங்கில் அது அமைந்தது. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை என ஒவ்வோர் இடரையும் எடுத்துச் சொல்லி, அதனைக் கடக்கும் முறையையும் அது கூறுகின்றது. சொல்பவன் கேட்டறிந்தவன் அல்லன், நடந்து மீண்டவன். வழிகாட்டிக்கு வேண்டிய முதல் தகுதி அதுவே.

எனினும், வயிற்றுப்பாட்டுக்காகவும் அன்றி, வழிபாட்டுக்காகவும் அன்றி, பனிமூடிய மலையில் ஏறும் வித்தையைப் பழகுதற்கென்றே ஒருவரைக் கூலி கொடுத்துத் தனியாக அமர்த்துவது எம்மவருக்குப் புதிய செய்தி. அச்செய்தி எமது குடும்பத்தினுள்ளே ஒரு வழக்காக வந்து, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பையும் எம்மேற் சுமத்தியது.

எமது தமக்கையாரின் மகன் சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரில் வாழ்கின்றான். மின்வேலை செய்பவன், வயது முப்பதைத் தொட்டவன். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, தமக்கையார் அவனைக் கைக்குழந்தையாக மார்போடு அணைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். பின்னே பாயும் சட்டிபானையும் சுமந்து நடந்தோம் நாம். அடுத்த ஆண்டு அவர் தம் கணவரை இழந்தார். ஏ-ஒன்பது பாதை மூடப்பட்டிருந்த 2007 ஆம் ஆண்டில், சீதனமாகப் பெற்ற தோட்டக்காணியை விற்று, பன்னிரண்டு வயதுப் பாலகனைச் சுவிற்சர்லாந்திலிருந்த சிற்றப்பனிடம் அனுப்பிவைத்தார். அவன் படித்துப் பட்டம் பெறவேண்டும் என்றோ, பொருள் ஈட்டவேண்டும் என்றோ அவர் அன்று எண்ணவில்லை. உயிரோடிருக்கவேண்டும் என்று மாத்திரமே எண்ணினார்.

அந்த மகன் ஓய்வு நாள்களில் மலையேறுகின்றான் என்பதை அவர் சில ஆண்டுகளாக அறிவார். ஒற்றையடிப் பாதைகளில் நடப்பதென்றே எண்ணியிருந்தார். பின்னொருநாள் இடுப்பிற் கயிறும் கையிற் கோடரியுமாக அவன் பனியில் நிற்கும் படம் வந்தது. வருகின்ற கோடையில் நான்கு நாள்களுக்கு ஒரு மலைவழிகாட்டியைத் தனக்கெனத் தனியே அமர்த்தியிருப்பதாகவும், ஒரு நாட்கூலி 600, 700 பிராங்கு வரை ஆகும் எனவும் சொன்னான். அக்காவுக்குத் தொகை பெரிதாகத் தோன்றவில்லை. வேறொன்று தோன்றியது.

“தம்பி, உயிரைக் காப்பாத்தத்தானே அவனை அனுப்பினனான். அவன் காசு குடுத்துச் சாகப் போறன் எண்டு நிக்கிறான். நீ மாமன். வேண்டாம் எண்டு நீ ஒரு கடிதம் எழுது, உன்ர சொல்லைத் தட்டமாட்டான்” என்றார்.

இதற்கு உடனே விடை கூறல் எளிதன்று. இழந்தவர்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது கல்வியறிவுக்கு அழகாகாது. அதேவேளை, பொருளை அறியாமல் வேண்டாம் என்று எழுதுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது. ஆகவே விசாரித்தறிந்த பின்னரே எழுதுவோம் என்று அக்காவிடம் தவணை பெற்றுக்கொண்டோம். மருமகனுடன் தொலைபேசியிற் பேசினோம். அவன் சொன்னது சுருக்கமானது: “மாமா, மலைக்குப் போகமாட்டன் எண்டு நான் பொய் சொல்லேலாது. பிழையாய்ப் போகக்கூடாது எண்டுதான் காசு குடுக்கிறன்.”

அவனது நிலை இது. ஐந்து ஆண்டுகளாக நண்பர்களோடு நடந்து பழகியவன், உடல்வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் பாதை முடிந்து பனியும் பாறையும் தொடங்கும் இடத்தில், நண்பர் செய்வதைப் பார்த்துத் தானும் செய்துவந்தான். நண்பர் முடிச்சிட்டவாறு முடிச்சிட்டான். அவர் கால் வைத்த இடத்திற் கால் வைத்தான். நண்பரிடம் கற்கும்போது அவரது பழக்கம் வருவதோடு அவரது பிழையும் சேர்ந்து வரும். எது பழக்கம், எது பிழை என்று பிரித்துச் சொல்ல இருவருக்கும் தெரியாது. 1863 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சுவிஸ் அல்பைன் கழகம் நடத்தும் வகுப்புகளில் குறைந்த செலவிற் பயிலலாம். பலருக்கு அதுவே போதும். ஆனால் வகுப்பிற் பலர் இருப்பர். தன்னிடம் உள்ள பிழை யாது என்பதை ஒருவர் நாள் முழுதும் அருகிருந்து பார்த்துச் சொல்லவேண்டும் என்பதே அவன் விருப்பம். முப்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் நின்று கற்பிப்பவராகிய எமக்கு இந்த வேறுபாட்டை எவரும் விளக்கவேண்டியதில்லை.

அங்கே கற்கவேண்டியதுதான் என்ன? உயர்ந்த மலைகளில் ஆண்டாண்டாகப் பெய்து இறுகிய பனி, தன் பாரத்தினாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். பனிக்கட்டியாறு என்று பூமிசாத்திர நூல்கள் சொல்வது இதனையே. நகரும்போது அது பிளக்கும். அப்பிளவுகள் வீடமைக்கும் ஆழத்தினும் பெரியனவாக இருத்தல் உண்டு. புதுப்பனி அவற்றின் வாயை மூடிவிட்டால், மேலே நடப்பவர் கண்ணுக்கு வெண்மையான சமதரையே தெரியும். ஆதலால் அங்கே தனித்து நடவார். இடைவெளி விட்டு ஒரே கயிற்றிற் பிணைந்து நடப்பர். ஒருவர் பிளவினுள் வீழ்ந்தால் மற்றவர் அக்கணமே பனியில் விழுந்து தம் பாரத்தால் அவரைத் தாங்கவேண்டும். பின்னர் கயிற்றைப் பனியில் உறுதியாகக் கட்டி, கப்பி முறையால் அவரை மேலே எடுக்கவேண்டும். சரிவில் வழுக்கியவர் தம் பனிக்கோடரியைப் பனியிற் குத்தி வழுக்கலை நிறுத்தவேண்டும். காலணியின் அடியிற் பூட்டிய இரும்புப் பற்கள் ஒன்றிலொன்று சிக்காமல் நடக்கவேண்டும். வெயில் ஏறினாற் பனி இளகும். பனியாற் பிடித்துவைக்கப்பட்ட கற்கள் கழன்று உருளும். எனவே விடியுமுன் இருளில் புறப்பட்டு, உச்சிவெயிலுக்கு முன் மீளவேண்டும். இவையெல்லாம் நூல்களில் உள்ளன. ஆயினும் வழுக்கும் அரைக்கணத்தில் நூலைப் புரட்ட இயலாது. கை தானே அறிந்திருக்கவேண்டும்.

நூல் போதாமைக்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மாத்திரம் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியாறுகள் தம் பருமனிற் பத்திலொரு பங்களவை இழந்தன. பழைய நூல் காட்டும் பனிவழி இன்று வெறும் கற்சரிவாக இருக்கலாம். சென்ற வாரம் அவ்வழி நடந்தவரே இந்த வாரம் வழி சொல்லத் தகுந்தவர்.

அத்தகையோரின் தொழில் பழமையானது. ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சோசூர், 1760 ஆம் ஆண்டில் மோன்ற் பிளாங்க் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1786 ஆகஸ்ட் 8 ஆம் நாள், ஷமோனி என்னும் ஊரைச் சேர்ந்த வைத்தியர் பக்கார்டும், மலையிற் பளிங்குக்கல் தேடி விற்றுவந்த பல்மாவும் அதன் உச்சியை அடைந்தனர். வேட்டைக்கும் பளிங்குக்கும் மலையேறிய ஊரவர், பின்னர் அயலூர்க் கனவான்களை அழைத்துச் செல்வதைத் தொழிலாக்கிக்கொண்டனர். 1820 ஆம் ஆண்டில் அம்மலையிற் பனிச்சரிவு ஒன்று மூன்று வழிகாட்டிகளைக் கொண்டுபோயிற்று. அவர்களை அமர்த்திச் சென்ற கனவான்கள் உயிர்தப்பினர். அடுத்த ஆண்டே, 1821 இல், ஷமோனி வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். விபத்துற்றோர் குடும்பங்களுக்கு உதவும் நிதியும் அதனோடு பிறந்தது. இன்று சுவிற்சர்லாந்தில் வழிகாட்டி ஒருவர் அரச அங்கீகாரமுள்ள தகுதியைப் பெறுவதற்குக் கோடையும் மாரியுமாக மூன்று ஆண்டுகளேனும் பயிலவேண்டும். பல நாட்டு வழிகாட்டிகளின் கூட்டமைப்பு ஒன்றும் 1965 இல் உருவாயிற்று. ஆகவே எமது மருமகன் கூலி கொடுத்தது வழியறிந்த ஓர் ஊரவருக்கு மாத்திரம் அன்று. பரீட்சிக்கப்பட்ட ஓர் ஆசானுக்கு.

இவ்வளவும் அறிந்தபின் அக்காவிடம் சென்று, அஞ்சாதீர் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் மலையேற்ற வரலாற்றில் எவரும் அறிந்த ஒரு நாள் உண்டு; அதனை மறைத்து ஆறுதல் சொல்லல் ஆகாது.

1865 ஜூலை 14 ஆம் நாள், 4,478 மீற்றர் உயரமுடைய மற்றர்ஹோர்ன் சிகரத்தை முதன்முதலாக ஏழு பேர் அடைந்தனர். எட்வேட் விம்பர் என்னும் ஆங்கிலேயர் தலைமையானவர். ஷமோனியைச் சேர்ந்த மிஷெல் குறோவும், செர்மற் ஊரைச் சேர்ந்த தௌக்வால்டர் தந்தையும் மகனும் வழிகாட்டிகள். ஏழ்வருள் ஹாடோ என்னும் பத்தொன்பது வயது இளைஞர் மலைப்பழக்கம் மிகக் குறைந்தவர். ஏறியது நன்றாகவே முடிந்தது. இறங்கும்போது, குறோ தம் கோடரியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஹாடோவின் கால்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறையிற் பதித்துக்கொடுத்தார் என விம்பர் எழுதினார். ஹாடோ வழுக்கிக் குறோவின்மேல் வீழ்ந்தார். அவர்களோடு பிணைந்திருந்த இருவரும் இழுபட்டனர். மூத்த தௌக்வால்டருக்கு முன்னே இருந்த கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், மூவர் மீண்டனர். கயிற்றை வெட்டினார் என்று மூத்த தௌக்வால்டர்மேற் பழி எழுந்தது. விசாரணை அவரைக் குற்றமற்றவரெனக் கண்டது. அறுந்த கயிறு இன்றும் செர்மற் நூதனசாலையில் இருக்கின்றது.

இவ்வரலாற்றை நாம் பலமுறை எண்ணிப்பார்த்தோம். அக்காலத்தில் குறோவை விடச் சிறந்த வழிகாட்டிகள் சிலரே. கூலியும் கொடுக்கப்பட்டது, கயிறும் கட்டப்பட்டது. ஆயினும் கால் பதிக்கத் தெரியாத ஒருவருக்காகப் பிறர் கால் பதித்துக் கொடுத்தபோது, இருவரும் ஒருங்கே வீழ்ந்தனர். கூலி கொடுப்பதால் ஒருவர் உச்சிக்குக் கொண்டுசெல்லப்படலாம். கற்றவர் ஆகமாட்டார்.

ஆகவே வழிகாட்டியை அமர்த்துதலில் இரண்டு வகை உண்டு எனத் தெளிந்தோம். ஒன்று, என்னை உச்சியிற் கொண்டுபோய் விடும் என்று அமர்த்துவது. மற்றது, எனக்குக் கற்பியும் என்று அமர்த்துவது. கூலி ஒன்றே, மலையும் ஒன்றே, வேறுபாடு கேட்பவர் மனத்தில் உள்ளது. எமது ஊரில் இதற்கு உவமை தேடி அலையவேண்டியதில்லை. பரீட்சைக்கு வரக்கூடிய வினாக்களுக்கு விடை எழுதிக்கொடுக்கும் ரியூட்டரிக்குப் பிள்ளையை அனுப்புவோரும் உளர். பிள்ளைக்குக் கணக்கு விளங்கவில்லை, விளங்க வையுங்கள் என்று ஆசிரியர் வீட்டுத் திண்ணையிற் கொண்டுவந்து இருத்துவோரும் உளர். இருவரும் காசு கொடுக்கின்றனர். மலையிலோ பரீட்சை எதிர்பாராத வேளையில் வரும். மறுமுறை எழுத இடமுமில்லை.

கற்பதற்கென்று செல்வது தாழ்வு என எண்ணுவோருக்கு டென்சிங் நோர்கேயின் வரலாறு போதும். 1952 இல் அவர் ஜெனீவாவைச் சேர்ந்த வழிகாட்டி ரேமன்ட் லம்பேருடன் எவரெஸ்ட் மலையில் ஏறத்தாழ 8,600 மீற்றர் வரை ஏறினார். உச்சி கண்ணுக்கெட்டிய நிலையில் இருவரும் திரும்பினர். 1953 மே 29 ஆம் நாள் எட்மன்ட் ஹில்லாரியோடு உச்சியை அடைந்தபோது, டென்சிங் அணிந்திருந்த சிவப்புக் கழுத்துத்துணி லம்பேர் கொடுத்தது. உலகமே அவரைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கவிருந்தபோது, அதிற் பயிற்சி அளிக்கவேண்டியவராகிய டென்சிங் என்ன செய்தார்? சில ஷெர்ப்பாக்களோடு சுவிற்சர்லாந்து சென்று, ரோசன்லாவி என்னும் இடத்தில் ஆர்னோல்ட் கிளாற்ஹாட் என்னும் வழிகாட்டியிடம் பயின்றார். உலகின் உச்சியில் நின்றவர், அதன் பாதியளவும் இல்லாத மலையடியிற் கயிறும் கோடரியும் கையாளும் முறையை மீண்டும் முதலிலிருந்து பார்த்தார். ஏறத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த டார்ஜிலிங் நிலையத்தின் பயன் எமது தீவுக்கும் கிட்டியது. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளராகிய ஜயந்தி குரு உதும்பால 2003 ஆம் ஆண்டில் அங்கே பயின்றவர். 2016 மே 21 ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்து, அதனை எட்டிய முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்றார். பயிற்சிக்கும் உச்சிக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். அவரோடு சென்ற யொஹான் பீரிஸ் என்னும் சிகையலங்காரக் கலைஞர் அம்முறை 8,400 மீற்றரிலிருந்து திரும்பினார். எஞ்சியிருந்தது நானூற்றைம்பது மீற்றருக்கும் குறைவே; கல்வீட்டு ஒழுங்கையில் நடந்தால் ஆறு நிமிடம். அங்கேயோ அது உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். அவர் திரும்பினார், வாழ்ந்தார், 2018 மே மாதத்தில் மீண்டும் சென்று உச்சியை அடைந்தார். லம்பேரும் டென்சிங்கும் திரும்பியிராவிட்டால் 1953 இன் கதை வேறாயிருக்கும். பீரிஸ் திரும்பியிராவிட்டால் 2018 என்பதே இல்லை. திரும்புவோம் என்று சொல்லத் தெரிவதும், சொன்னாற் கேட்கத் தெரிவதும் இவ்வித்தையின் பெரும் பகுதி.

இவற்றையெல்லாம் அக்காவுக்கு எடுத்துச் சொன்னோம். அவர் வரலாற்றுக்கு மயங்குபவர் அல்லர். ஆதலால் அவரது வளவிலேயே ஓர் உதாரணம் காட்டினோம். அவ்வளவிற் பனைகள் நிற்கின்றன. சீவல் தொழில் செய்யும் ஒருவர் அவற்றில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றார். காலிற் தளைநார், இடுப்பிற் கத்தியும் முட்டியும். வேறு கயிறு இல்லை. பனையிலிருந்து வீழ்ந்து மாண்டவரையும் முடமானவரையும் அறியாத ஊர் எமது பகுதியில் இராது. “அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே அக்கா” என்றோம். “அவர் வயித்துக்கு ஏறுறார். இவன் ஏன் ஏறுறான்?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு எம்மிடம் நிறைவான விடை இல்லை. சாவுக்கு அஞ்சி ஓடிய குழந்தை, வளர்ந்தபின் தானே விரும்பி ஓர் உயரத்தில் நிற்க ஏன் ஆசைப்படுகின்றது என்பதை அக்குழந்தையே அறியும். ஆனால் எவ்வாறு ஏறுகின்றான் என்னும் கேள்விக்கு விடை உண்டு. அதனை அந்தத் தொழிலாளரிடமே கேட்டோம். தந்தையார் முதலில் தம்மைத் தாழ்ந்த பனைகளில் ஏற்றியதாகவும், ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதையே பலநாள் பழக்கியதாகவும், இறங்குங் கால் பதறாது என்று கண்டபின்னரே நெடும்பனைக்கு விட்டதாகவும் அவர் கூறினார். மற்றர்ஹோர்னில் நால்வர் மாண்டதும் இறங்கும் வழியில் என்பது எமக்கு நினைவு வந்தது. பனைக்கும் பனிக்கும் ஆசான்மார் ஒரே பாடத்தையே வைத்திருக்கின்றனர் போலும்.

இதன்மேல் அக்கா கேட்ட மற்றொரு கேள்வியே எமது சிந்தனையை முற்றாக ஒரு திசையிற் திருப்பியது. “அந்த வழிகாட்டிக்கும் தாய் இருப்பாவே?” என்றார்.

ஆம், கயிற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு. கூலி கொடுப்பவரின் வீட்டார் தம் பிள்ளையை மாத்திரமே நினைக்கின்றோம். 2014 ஏப்ரல் 18 ஆம் நாள் எவரெஸ்ட் மலையின் கும்பு பனிவீழ்ச்சிப் பகுதியிற் பனிச்சரிவு ஏற்பட்டு நேபாளத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். பிறர் உச்சிக்குச் செல்வதற்காக வழி அமைக்கவும் சுமை தூக்கவும் சென்றவர்கள் அவர்கள். 1820 இல் மாண்ட மூவரும், 1865 இல் மாண்ட குறோவும் அவ்வாறே பிறர்பொருட்டுக் கயிறு பூண்டவர்கள். மலையிற் கற்காதவர் தம்மை மாத்திரம் இடருக்குள்ளாக்கவில்லை. தம்மோடு பிணைந்த மனிதரையும் அவர் வீட்டாரையும் இடருக்குள்ளாக்குகின்றார். ஆகையால், ஒருவர் மலைக்குச் செல்வதென்று துணிந்துவிட்டால், கற்பது அவர் விருப்பத்தைச் சேர்ந்ததன்று. கயிற்றின் மறுமுனையில் நிற்பவருக்கு அவர் செலுத்தவேண்டிய கடன்.

இதனை மனத்திற் கொண்டு மருமகனுக்குக் கடிதம் எழுதினோம். வேண்டாம் என்று எழுதவில்லை. நான்கு வேண்டுகோள்களை எழுதினோம். முதலாவது, வழிகாட்டியைக் கண்ட முதல் நாளிலேயே, உச்சி எனக்கு வேண்டியதன்று, என் பிழைகளைக் காட்டித் திருத்துவதே வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால், கூலி கொடுத்தவர் உச்சியையே விரும்புவார் என்று எவரும் எண்ணுவர். இரண்டாவது, பிளவில் வீழ்ந்தவரை எடுக்கும் முறையைத் தன் கையாலேயே தனித்துச் செய்துகாட்டும் வரை அதனை விட்டு நகரக்கூடாது. மூன்றாவது, அவர் திரும்புவோம் என்றால் ஏன் என்று மலையிற் கேட்கக்கூடாது. கீழே வந்தபின் கேட்கலாம், கேட்கவும் வேண்டும், அக்காரணமே விலைமதிப்பற்ற பாடம். நான்காவது, உச்சியிலிருந்து தாய்க்குப் படம் அனுப்பக்கூடாது. இறங்கித் தங்குமடத்தை அடைந்தபின் பேசவேண்டும்.

சென்ற கோடையில் அவன் சென்றான். முதல் இரண்டு நாள்களும் பனிக்கட்டியாற்றிலேயே கழிந்தன. நடந்தான், வேண்டுமென்றே வழுக்கினான், கோடரியால் நிறுத்தினான், வழிகாட்டியைப் பிளவினுள் இறக்கி மேலே எடுத்தான். முடிச்சொன்றை ஐந்து ஆண்டுகளாகத் தவறாகக் கட்டிவந்தான் என்பது முதல்நாட் காலையிலேயே தெரியவந்தது. மூன்றாம் நாள் பாறையில் அவனை முன்னே விட்டு வழிகாட்டி பின்னே வந்தார். நான்காம் நாள் விடியுமுன், துறவி எனப் பொருள்படும் பெயருடைய மோன்ச் சிகரத்துக்குப் புறப்பட்டனர். 4,100 மீற்றரைக் கடந்த சிகரம் அது. அதன் முடிவில் இருபுறமும் சரிந்த ஒடுங்கிய பனிவரம்பு உண்டு. அவ்வரம்பின் தொடக்கத்திற் காற்று வலுத்தது. வழிகாட்டி திரும்புவோம் என்றார். மருமகன் ஒன்றும் பேசாமற் திரும்பினான். மடத்தை அடைந்தபின் காரணம் கேட்டான். காற்று மாத்திரம் அன்று. கடைசி அரைமணியில் உன் காலடி முன்போல் உறுதியாக விழவில்லை, உனக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது என்றாராம்.

நான்கு நாட்கூலியும் மடத்துச் செலவும் கொடுத்து உச்சி காணாமல் வந்தவனை எவ்வாறு தேற்றுவது என்று நாம் எண்ணியிருக்க, அவனோ தன் காலடி தளர்வதை எவ்வாறு தானே அறிவது என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கூலி வீண்போகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அக்கா செய்தி கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “திரும்பக் கூட்டிக்கொண்டு வந்த மனிசன் நல்ல மனிசன்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்ப் பிள்ளையார் கோயிலில் மகனுக்கு அருச்சனை செய்தபோது, அந்த வழிகாட்டியின் பெயரையும் சொன்னார். நட்சத்திரம் யாதென்று ஐயர் கேட்டார். மகனிடம் கேட்டுச் சொல்லவும் வழியில்லை. ஐயர் சிறிது எண்ணிப்பார்த்துப் பெயரோடு மாத்திரம் செய்துமுடித்தார்.

எமது பிள்ளைகள் இன்று உலகின் பல திசைகளிலும் வாழ்கின்றனர். பெற்றோர் அறியாத கடல்களிலும் மலைகளிலும் அவர்கள் கால்கள் படுகின்றன. போகாதே என்னும் சொல் அத்தனை தூரம் சென்று சேர்வதற்குள் தேய்ந்துவிடும். சேர்ந்தாலும், பிள்ளை போவதை நிறுத்தாமற் சொல்வதை நிறுத்திவிடக்கூடும். யாரோடு போகிறாய், அவரிடம் எதைக் கற்றாய், அவர் திரும்பு என்றாற் திரும்புவாயா என்னும் மூன்று கேள்விகள் அவ்வாறு தேய்வதில்லை. அவற்றைக் கேட்கும் பெற்றோருக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவேண்டியதில்லை. கயிற்றின் மறுமுனையில் நிற்பவரை அவர்களும் தம் வீட்டு மனிதராக எண்ணினாற் போதும்.